மான்செஸ்டர் யுனைடெட் மேல இருக்குற கடன் யார் வாங்குனது? எங்கப்பா கேட்டாரு, எனக்கு பதில் சொல்லத் தெரியல

வியாசை_7

அண்ணாங்க அக்காங்க எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிகினு மட்டும்தான் இருக்கேன், எழுதுறது இதான் மொத தடவ. கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கோங்க.

நான் வியாசர்பாடி, முல்லை நகர் கிரவுண்டுல ஆடி வளந்த பையன். 2007ல ரொனால்டோ, ரூனி ஆடுற காலத்துல பக்கத்து வீட்டு அண்ணன் வீட்ல கேபிள்ல பாத்து யுனைடெட் புடிச்சிப் போச்சு, அன்னிலேர்ந்து வேற டீமே கிடையாது எனக்கு. 2025 மே 21 நைட்டு யூரோப்பா லீக் ஃபைனல், நம்ம டைம் பன்னெண்டரைக்கு ஆரம்பம், லைட்ட அணைச்சிட்டு ஃபோன்ல சவுண்ட கம்மி பண்ணி பாத்துகினு இருக்கேன், தண்ணி குடிக்க எழுந்த எங்கப்பா அப்படியே பக்கத்துல உக்காந்துட்டாரு. அவரு ஹார்பர்ல முப்பது வருஷம் லோடு வேல பாத்தவரு. ஃபுட்பால்னா எங்க ஏரியா பசங்க ஆடுறது தெரியும், அவ்ளோதான். டாட்டன்ஹாம் ஒரே கோல்ல ஜெயிச்சிட்டாங்க. லீக்லயும் அந்த சீசன் 15வது எடம். நான் மூஞ்சிய மூடிகினு உக்காந்துட்டேன்.

அப்பா தோள்ல கைய வெச்சி "உடுடா, அடுத்த வருஷம் நல்ல ஆளா வாங்குவானுங்க"ன்னாரு. நான் "எங்கப்பா வாங்குறது, கிளப்பே கடன்ல கீது, 2024ல 250 பேர வேலய விட்டு அனுப்பிட்டாங்க, இந்த வருஷம் இன்னும் 200 பேர் வரைக்கும் போவாங்கன்றாங்க, வேல பாக்குறவங்களுக்கு கேன்டீன்ல போட்டுகினு இருந்த ஓசி சாப்பாட்டையே நிறுத்திட்டாங்க, டிக்கெட்ட சீசன் நடுவுலயே 66 பவுண்டு ஆக்கிட்டாங்க, சின்னப் பசங்களுக்கும் வயசானவங்களுக்கும் சேத்து அதே ரேட்டு"ன்னு கொட்டிட்டேன். அதுக்கு அவரு கேட்டாரு, "உலகம் பூரா சட்ட விக்கிது, ஸ்டேடியம் ரொம்பி வழியுது, டிவிக்காரன் காசு குடுக்குறான், அப்புறம் கடன் எப்டிடா வந்துச்சு? யார் வாங்குனது? எதுக்கு வாங்குனது?"ன்னு. எனக்கு முழுசா சொல்லத் தெரியல. கிளேசர்னு ஒரு ஃபேமிலி, 2005ல வாங்குனாங்க, அதுவரைக்கும்தான் தெரியும். பதினெட்டு வருஷமா உயிர வுட்டு பாக்குறேன், இது கூட தெரியலயேன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சி.

விவரம் தெரிஞ்சவங்க எங்கப்பாவுக்கு புரியிற மாதிரி சொல்லுங்க. இன்னொன்னு, இந்த மாதிரி ஓனர் இருக்குற வரைக்கும் ஜெர்சி வாங்கறது தப்பா? வருஷா வருஷம் காசு சேத்து ஒரிஜினல் வாங்குவேன், இந்த தபா கை போவ மாட்டேங்குது.


காசிமேடு_போட்டு

தம்பி, உங்கப்பா ஹார்பர்னா நம்ம பாஷ புரியும், போட்டு வெச்சே சொல்றேன்.

எங்க மாமா கிட்ட ஒரு விசைப்படகு கீதுன்னு வெச்சிக்க. வெல 80 லட்சம். ஒரு ரூபா கடன் கெடையாது. போய் வந்து மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸு, சாப்பாட்டு சாமான் செலவு கழிச்சி மிச்சத்த ஓனருக்கு இவ்ளோ, ஆளுங்களுக்கு இவ்ளோன்னு பங்கு பிரிக்கிறாங்க, வல தைக்க, இஞ்சின் பாக்க கொஞ்சம் ஒதுக்கி வெக்கிறாங்க. நல்லா ஓடிகினு கீது. அப்ப வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வர்றாரு, போட்ட நான் வாங்கிக்கிறேன்றாரு. அவர் கையில இருக்குறது 80 கெடையாது, அதுல மூணுல ஒரு பங்கு கூட தேறுமான்னு சந்தேகம். மீதிய வட்டிக்கு வாங்குறாரு. எத அடமானம் வெச்சி? அந்தப் போட்டயே வெச்சி. வாங்கி முடிச்ச அன்னிக்கே கடன் அவர் தலையில இல்ல, போட்டு தலையில வந்து உக்காந்துடுது. மறுநாள்லேர்ந்து மீன் ஏலம் போனா மொதல்ல வட்டி. அப்புறம்தான் டீசல், அப்புறம்தான் ஆளுங்க பங்கு. வல கிழிஞ்சா அடுத்த தடைக்காலத்துல பாத்துக்கலாம், இஞ்சின் பொகையுதா இன்னும் ஒரு வருஷம் ஓட்டு. இதுக்கு நடுவுல ஓனர் தனக்குன்னு வருஷா வருஷம் ஒரு தொகைய எடுத்துக்குறாரு.

கிளேசர் பண்ணது அச்சா இதான். கிளப்ப வாங்குன வெல சுமார் 79 கோடி பவுண்டு, அதுல 50 கோடிக்கு மேல கடன் பணம். அதுவரைக்கும் யுனைடெட் கடனே இல்லாத கிளப்பு. அப்பாவ கேக்க சொல்லு, காசிமேட்ல எவனாவது இப்படி ஒரு போட்ட விப்பானான்னு. ஆனா அங்க பங்கு மார்க்கெட்ல இருந்த கம்பெனி அது, யார் வேணா வாங்கலாம், சட்டத்துல எடம் இருந்துச்சி, வாங்கிட்டாங்க.

கூரை ஒழுவுதுன்னு வீடியோ பாத்திருப்ப. 2024 மே மாசம் ஆர்சனல் மேட்ச் முடிஞ்சி மழ வந்தப்ப ஓல்ட் டிராஃபோர்ட் கூரையிலேர்ந்து அருவி மாதிரி கொட்டுச்சே. எனக்கு அத பாத்ததும் இஞ்சின் ரிப்பேர் பண்ணாம ஓட்டுற போட்டுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு, மனசு கஷ்டமாச்சு. எந்த டீம் ஃபேனா இருந்தாலும் அத பாத்தா வலிக்கும்.


ஆடிட்_அக்கா

காசிமேடு அண்ணன் சொன்னது ரொம்ப சரி, அதுக்கு மேல கணக்க மட்டும் நான் சேக்குறேன். நான் மண்ணடில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேல பாக்குறேன், தம்பி கேட்ட கேள்வி எனக்கும் பல வருஷமா இருந்த கேள்விதான்.

அந்த 50 கோடி சொச்சத்துல ஒரு பகுதிக்கு வட்டி எப்படின்னா, மாசா மாசம் கட்ட வேணாம், அசல்ல ஏத்திக்கிட்டே போவாங்க, வட்டிக்கு வட்டி. 14.25 சதவீதத்துல ஆரம்பிச்சி 2010ல 16.25 வரைக்கும் போச்சு. நம்ம ஊர்ல நக அடமானம் வெச்சா கூட பேங்க்ல இவ்ளோ கேக்க மாட்டாங்க. 2010லயே கடன் பத்திரம் வெளியிட்டு பழைய கடன மாத்திக்கிட்டாங்க, அந்த வட்டிக்கு வட்டி கடனையும் அந்த வருஷ கடைசில அடைச்சாங்க. ஆனா அடைச்சதுன்னா என்னன்னு கேளு, ஒரு கடன எடுத்து இன்னொரு கடன அடைக்கிறதுதான் பெரும்பாலும். 2025 கணக்குல கூட நீண்ட கால கடன் அசல் 65 கோடி டாலர்ல அப்படியே நிக்குது. இருபது வருஷம் ஆச்சு தம்பி, அசல் கரையல. 2005லேர்ந்து வட்டி, கடன் செலவு, டிவிடெண்ட் எல்லாம் சேத்தா 100 கோடி பவுண்டுக்கு மேல கிளப்ப விட்டு வெளிய போயிருக்கு.

டிவிடெண்ட் பத்தி கேட்டா இன்னும் கோவம் வரும். சில வருஷங்கள்ல வருஷத்துக்கு 2 கோடி பவுண்டு அளவுக்கு பங்குதாரருக்கு குடுத்தாங்க, பங்குல பெரும்பகுதி யார் கிட்ட இருக்கு, அந்தக் குடும்பத்துகிட்ட. 2012 ஆகஸ்ட்ல நியூயார்க் பங்குச் சந்தைல 14 டாலருக்கு பங்கு வித்தாங்க இல்லையா, அந்தப் பணம் மொத்தமும் கடன அடைக்கப் போகல, வித்த பங்குல பாதி குடும்பத்தோடது, அந்தக் காசு அவங்களுக்குதான். அதுலயும் ரெண்டு வகை பங்கு. வெளிய விக்கிற பங்குக்கு ஒரு ஓட்டு, அவங்க கிட்ட இருக்குற பங்குக்கு பத்து ஓட்டு. ரசிகன் ஆசப்பட்டு வாங்குனாலும் அவன் சொல்றத கேக்கணும்னு கட்டாயம் கிடையாது.

வருமானம் கொறயலன்னு அப்பா சொன்னது நூத்துக்கு நூறு. 2024-25ல வரவு 66 கோடியே 65 லட்சம் பவுண்டு, கிளப் வரலாத்துலயே அதிகம், 15வது எடம் வந்த சீசன்ல! ஆனா நஷ்டம் 3 கோடியே 30 லட்சம். அதுக்கு முந்துன வருஷ நஷ்டம் 11 கோடியே 32 லட்சம். 2024 பிப்ரவரில ஜிம் ராட்கிளிஃப்ன்ற இங்கிலாந்து தொழிலதிபர் வந்து 27.7 சதவீதம் வாங்குனாரு, பங்குக்கு 33 டாலர். அதுல 30 கோடி டாலர் கிளப்புக்கு முதலீடுன்னு ஒதுக்குனாங்க, மீதி பங்க வித்தவங்களுக்குப் போச்சு. அதனால "புது ஓனர் காசு போட்டாரே கடன் போயிருக்குமே"ன்னு யாராவது சொன்னா இத சொல்லு.

கணக்கு பாக்குறவளா ஒன்னு மட்டும் சொல்லணும். கடன்னாலே கெட்டது இல்ல. டாட்டன்ஹாமும் புது ஸ்டேடியம் கட்ட நெறைய கடன் வாங்குனாங்க, ஆனா அந்தக் கடனுக்கு எதிர்ல ஒரு ஸ்டேடியம் நிக்குது, 2019லேர்ந்து அதுல வருமானம் வருது. யுனைடெட் கடனுக்கு எதிர்ல என்ன நிக்குது? ஒரு செங்கல் இல்ல, ஒரு பிளேயர் இல்ல. கிளப்ப வாங்குன செலவ கிளப்பே கட்டிட்டு இருக்கு. அப்பா கேட்ட "எதுக்கு வாங்குனது"க்கு இதான் பதில்.


தண்டையார்பேட்ட_பீரங்கி

நான் ஆர்சனல் ஆளு, அதனால பகைல சொல்றேன்னு நினைக்காதீங்க. அக்கா சொல்றதெல்லாம் ஒத்துக்குறேன் ஆனா முழு பழியையும் கடன் மேல போட முடியாது. பிளேயர் வாங்குன வெலய பாருங்க, 2016ல போக்பா 8 கோடியே 90 லட்சம் பவுண்டு, 2019ல மக்வயர் 8 கோடி, 2022ல ஆண்டனிக்கு 8 கோடிக்கு மேல, காசே இல்லாத கிளப்பா இது? அந்த காலத்துல இங்கிலாந்துல இவங்கள மாதிரி செலவு பண்ண கிளப்புங்க ரொம்ப கொறச்சல். யார வாங்கணும் எதுக்கு வாங்கணும்னு தெரியாம வாங்குனாங்க, கோச் மாறுனா டீமே மாறும், அதான் பிரச்சனன்னு எனக்கு தோணுது. கோச் ஃபெர்குசன் இருந்தவரைக்கும் அதே கடனோடதான் லீக் ஜெயிச்சாங்க, 2008ல சாம்பியன்ஸ் லீக்கே ஜெயிச்சாங்க.

அப்புறம் ஓனர் எதிர்ப்பு எங்களுக்கும் தெரியும். 2021 ஏப்ரல் 18ஆம் தேதி ஐரோப்பிய சூப்பர் லீக்னு ஒன்ன அறிவிச்சாங்களே, அதுல எங்க கிளப்பும் ஒன்னு. ஃபேனுங்க ரோட்டுக்கு வந்தாங்க, ரெண்டே நாள்ல இங்கிலாந்து கிளப் ஆறும் பின்வாங்கிட்டாங்க. எங்க ஓனர் மேல அன்னிக்கு இருந்த கோவத்துக்கு அளவே இல்ல, இப்ப டீம் நல்லா ஆடுதுன்றதால அத யாரும் பேசுறதில்ல, அதுவும் எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு.


ஆடிட்_அக்கா

@தண்டையார்பேட்ட_பீரங்கி நியாயமான பாயிண்ட். மோசமா வாங்குனாங்கன்றத நான் மறுக்கல. ஆனா அந்த 8 கோடி 9 கோடியெல்லாம் ஓனர் பாக்கெட்லேர்ந்து வந்ததுன்னு நினைக்காதீங்க தம்பி. கிளப் சம்பாதிச்ச காசு, கிளப் பேர்ல வாங்குன கடன், கூடவே தவண. பிளேயர் வாங்குறது இப்பல்லாம் ஃபிரிட்ஜ் வாங்குற மாதிரி இஎம்ஐதான், மூணு வருஷம் நாலு வருஷம்னு அடுத்த கிளப்புக்கு பிரிச்சு பிரிச்சு கட்டுவாங்க. கணக்குப் புத்தகத்துல வேற மாதிரி வரும், 10 கோடிக்கு ஒருத்தர அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல வாங்குனா வருஷத்துக்கு 2 கோடின்னு எழுதுவாங்க. அதனாலதான் செல்சி எட்டு வருஷ ஒப்பந்தம்லாம் போட்டாங்க, வருஷத்துக்கு எழுதுற தொக கொறயும்ல, அத பாத்துட்டு 2023ல ஐரோப்பா ஃபுட்பால நடத்துற யூஈஎஃப்ஏ அஞ்சு வருஷத்துக்கு மேல பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

நீங்க இன்னொன்ன பாக்கணும். மூணு வருஷத்துக்கு சேத்து 10 கோடியே 50 லட்சம் பவுண்டு வரைக்கும் நஷ்டம் போலாம்னு பிரீமியர் லீக்ல விதி இருந்துது, அத தாண்டி எவர்ட்டன் கிளப்புக்கு 2023 நவம்பர்ல 10 பாயிண்ட் போச்சு, அப்பீல்ல 6 ஆச்சு. இந்த மாதிரி எல்ல இருக்கும்போது வருஷா வருஷம் வட்டிக்குப் போற ஒவ்வொரு பவுண்டும் டீமுக்குப் போகாத பவுண்டு. ஃபெர்குசன் அத சமாளிச்சாரு, ஒத்துக்குறேன். அவரு போனதும் சமாளிக்க ஆள் இல்ல.


பெரம்பூர்_பட்டறை

பிள்ளைகளா, நான் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ்ல முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டு ரிட்டயர் ஆனவன். பட்டறை டீமுக்கு லெஃப்ட் பேக் ஆடுவேன், ஐசிஎஃப் கூட மேட்ச்னா அன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் சாப்பிட கூட போக மாட்டோம், நேரா கிரவுண்டுதான்.

வியாசர்பாடி தம்பி, நீ யுனைடெட்டு மேல வெச்ச பாசத்துக்கு ஒரு சேதி சொல்றேன். அந்தக் கிளப்ப ஆரம்பிச்சதே எங்கள மாதிரி ஆளுங்கதான்யா. 1878ல லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வேல கேரேஜ் அண்ட் வேகன் டிபார்ட்மெண்ட், நியூட்டன் ஹீத்னு எடம், அங்க வேல பாத்த தொழிலாளிங்க ஆரம்பிச்ச டீம். பேரும் நியூட்டன் ஹீத்துதான். சட்ட பச்சையும் தங்க கலரும், பாதி பாதி. மொத தடவ இத படிச்சப்ப எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு, கிரீஸ் கையோட ஷெட்டுலேர்ந்து வந்து ஆடுனவங்க வெச்ச கிளப் இன்னிக்கு நியூயார்க் சந்தைல விலை போவுது.

அவங்களுக்கும் கடன் வந்துச்சு. 1902ல 2,670 பவுண்டு கடன், கிளப்ப கலைக்கச் சொல்லி கோர்ட் ஆர்டர். அப்ப கேப்டனா இருந்தவரு ஹேரி ஸ்டாஃபோர்டு, அவரோட நாய் மூலமா ஜான் ஹென்றி டேவிஸ்ன்ற பீர் ஆலை முதலாளி பழக்கமானாருன்னு சொல்லுவாங்க. டேவிசும் இன்னும் மூணு பேரும் ஆளுக்கு 500 பவுண்டு போட்டு கிளப்ப காப்பாத்துனாங்க. அப்பதான் பேரு மான்செஸ்டர் யுனைடெட்டுன்னு மாறுச்சு, செவப்பு சட்ட வந்துச்சு. அவரும் முதலாளிதான், ஆனா கிளப் கடன தன் காசால அடைச்ச முதலாளி. பின்னாடி ஓல்ட் டிராஃபோர்ட் கட்டவும் பணம் குடுத்தவரு அவருதான், 1910ல தொறந்தாங்க. அப்படி வந்த கிளப்ப நூறு வருஷம் கழிச்சி வந்தவங்க அது மேலயே கடன ஏத்தி வாங்குனாங்க, இதுதான்யா ஆறல எனக்கு.

2010ல ஸ்டேடியத்துல ஆளாளுக்கு பச்ச தங்க கலர்ல கழுத்துல துண்டு போட்டுட்டு வந்தாங்களே ஞாபகம் இருக்கா? அது அந்த நியூட்டன் ஹீத் கலர். ஓனர எதிர்த்து கோஷம் போடுறதவிட அது எவ்ளோ பெருசு, கிளப் யாரோடதுன்னு கலர்லயே காட்டிட்டாங்க. அதுக்கு முன்னாடி 1998ல டிவி கம்பெனி பிஸ்கைபி 62 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு யுனைடெட்ட வாங்க வந்தப்ப ரசிகருங்க ஒன்னு கூடி விடாம போராடி, 1999ல அரசாங்கம் அந்த வியாபாரத்தயே தடுத்துச்சு. ஆக ஜெயிச்சதும் உண்டு. 2005ல தடுக்க முடியல. அப்ப கொஞ்ச பேரு மனசு விட்டுப் போய் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்னு தனியா ஒரு கிளப்பே ஆரம்பிச்சிட்டாங்க, ஒரு மெம்பருக்கு ஒரு ஓட்டு, எவ்ளோ காசு குடுத்தாலும் ஒரே ஓட்டுதான். சின்ன டிவிஷன்ல ஆடுறாங்க, 2015ல சொந்த கிரவுண்டு கட்டிட்டாங்க, நியூட்டன் ஹீத்துக்குப் பக்கத்துலதான்.

ஜெர்சி கேட்டியே. நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். மனசு வரலன்னா வாங்காத. வாங்குனவன திட்டவும் திட்டாத. பழைய சட்ட இருந்தா அத போட்டுக்க, கிளப் மேல உனக்கு இருக்குற உரிமை புது சட்டலயா இருக்கு?


நீலம்_ராயபுரம்

அய்யா எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன்.

நான் நம்ம ஊரு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) டீம் சென்னையின் எஃப்சி ஃபேன், பெரியமேடு நேரு ஸ்டேடியத்துல 2014லேர்ந்து உக்காந்து பாக்குறேன், 2015லயும் 2018லயும் கப்பு ஜெயிச்சப்ப எங்க தெருவுல பட்டாசு வெடிச்சோம். யுனைடெட்டுக்காக அழறீங்க, சரி, நம்ம வீட்டு கூரையும் ஒழுவுது. 2010 டிசம்பர்ல இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷன் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபான்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அது 2025 டிசம்பர்ல முடியறதா இருந்துச்சு, அடுத்து என்னன்னு பேசி முடிக்காததால 2025 ஜூலை 11ஆம் தேதி ஐஎஸ்எல்ல நிறுத்தி வெச்சிட்டாங்க. சில கிளப்புங்க பிளேயர் சம்பளத்தயே நிறுத்துனாங்க. நம்ம வியாசர்பாடிலேர்ந்து தனபால் கணேஷ் சென்னையின் சட்ட போட்டு இந்தியாவுக்கும் ஆடுனாரு, அத பாத்துதான் எத்தன பசங்க காலைல அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வர்றாங்க. லீக்கே நடக்குமான்னு தெரியாம அந்த பசங்க கிட்ட என்ன சொல்றது? எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு அந்த மாசமெல்லாம்.

ஓனர் கோவம்னா கொல்கத்தாவ பாருங்க. 1889ல ஆரம்பிச்ச மோகன் பகான் பேருக்கு முன்னாடி ஏடிகேன்னு இன்னொரு கிளப் பேர சேத்துட்டாங்க, "ஏடிகேவ எடு"ன்னு ரசிகருங்க வருஷக்கணக்குல விடல, 2023ல கப்பு ஜெயிச்ச அன்னிக்கே பேர மாத்துறோம்னு ஓனர் அறிவிக்க வேண்டியதா போச்சு. கத்துனா கேக்குது, ஆனா ரொம்ப நாள் கத்தணும்.

கத்தியும் கேக்காம போன கிளப்பும் இருக்கு. இங்கிலாந்துல பரின்னு ஒன்னு, 1885ல ஆரம்பிச்சது. 2018 கடைசில 1 பவுண்டுக்கு கை மாறுச்சு, ஆமா ஒரே ஒரு பவுண்டு. கடன அடைக்க வழியில்ல, பிளேயருங்களுக்கு சம்பளம் இல்ல. 2019 ஆகஸ்ட் 27ஆம் தேதி, புது ஆள் வாங்கிடுவாங்க அடுத்த மேட்ச் நடக்கும்னு நம்பி ரசிகருங்க தொடப்பம் வாளியோட வந்து ஸ்டேடியத்த கழுவுனாங்க, சீட்ட தொடச்சாங்க. அன்னிக்கு நைட்டே லீக்லேர்ந்து தூக்கிட்டாங்க. 134 வருஷம். அந்த சீட்ட தொடைக்கிற ஃபோட்டோவ பாத்துட்டு என்னால அன்னிக்கு வேல பாக்க முடியல.

போர்ட்ஸ்மவுத் வேற மாதிரி. 2008ல எஃப்ஏ கப்பு ஜெயிச்சாங்க, 2010ல கடன்ல திவாலாகி 9 பாயிண்ட் போச்சு, அப்படியே கீழ கீழன்னு விழுந்து நாலாவது டிவிஷன் வரைக்கும் போனாங்க. 2013ல ரசிகருங்க ஒருத்தர் 1000 பவுண்டுன்னு பங்கு போட்டு கிளப்பயே வாங்கிட்டாங்க. தனியா கட்ட முடியாதவங்க ஆபீஸ்ல, பப்புல ஒன்னா சேந்து கட்டுனாங்க. நாம சீட்டு கட்டுறோம்ல, அத மாதிரிதான்.


தண்டையார்பேட்ட_பீரங்கி

ஜெர்மனி மாதிரி 50+1 இருந்தா இதெல்லாம் நடக்காதுன்னு நான் எழுத வந்தேன், ஓட்டுல பாதிக்கு மேல மெம்பருங்க கையில இருக்கணும்னு அங்க விதி. ஆனா யோசிச்சா அங்க டார்ட்மண்ட் கிளப்பே அந்த விதிக்குள்ள இருந்துட்டு 2005ல திவாலாக பாத்தாங்க, அதுக்கு முன்னாடி எதிர் கிளப் பேயர்ன் 20 லட்சம் யூரோ கைமாத்து குடுத்துதான் மூச்சு விட்டாங்க. அதனால விதி மட்டும் பத்தாது, கணக்க யாராவது உக்காந்து பாக்கணும். இங்கிலாந்துல 2025ல ஃபுட்பாலுக்கு தனி ஒழுங்குமுறை அமைப்பு வேணும்னு சட்டமே போட்டுட்டாங்க, ஓனர் யாரு காசு எங்கேர்ந்து வருதுன்னு அது கேக்கும். பரிக்கு அப்புறம்தான் அந்தப் பேச்சே சூடு புடிச்சுது. அய்யா சொன்ன நியூட்டன் ஹீத் கத எனக்கு தெரியாது, நன்றிங்க அய்யா.


வியாசை_7

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து நைட்டு சாப்பிட்டு முடிச்சதும் அப்பாவ உக்கார வெச்சி காசிமேடு அண்ணன் எழுதுன போட்டு கதைய அப்படியே படிச்சி காட்டுனேன். பாதிலயே புடிச்சிக்கிட்டாரு. "அப்ப ஓடி ஒழைக்கிறவனும் டிக்கெட் வாங்குறவனும்தான் வட்டி கட்டுறான்"ன்னாரு. பட்டறை அய்யா எழுதுனத படிச்சதும் ஒன்னும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சி "ரயில்வே ஆளுங்களா ஆரம்பிச்சது"ன்னு மட்டும் கேட்டாரு.

ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். எனக்கு இது இவ்ளோ உறுத்துனதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. எங்க ஏரியால எங்க டீம் இருக்கு, எங்க சித்தப்பா காலத்துலேர்ந்து ஓடுது. மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தாரு, ஸ்பான்சர் பண்றேன்னாரு. நல்ல பூட்டு, நல்ல ஜெர்சி, டோர்னமெண்டுக்கு வேன். எங்களுக்கு சந்தோஷம் தாங்கல. டீம் பேருக்கு முன்னாடி அவர் பேர சேத்தாரு, சட்ட கலர மாத்துனாரு, சரின்னுட்டோம். ரெண்டாவது வருஷம் ஃபோன் எடுக்கறத நிறுத்திட்டாரு. அப்புறம் பாத்தா ஜெர்சி பிரிண்ட் போட்ட கடைல பாக்கி, வேன்காரருக்கு பாக்கி, எல்லாம் டீம் பேர்ல. கடைக்காரரு தெரிஞ்சவரு, "உங்க டீம்னுதான்பா குடுத்தேன்"னு சொன்னப்ப எனக்கு தல நிமிர முடியல. பசங்க ஆளுக்கு இருநூறு முந்நூறுன்னு போட்டு எட்டு மாசத்துல கட்டுனோம். கூலி வேலைக்குப் போற பசங்க அதுல பாதி பேரு. எங்க கோல்கீப்பர் மீன் மார்க்கெட்ல வெடிகாலைல ஐஸ் ஒடைக்கிற வேல பாத்து குடுத்தான், கைல வெடிப்பு இன்னும் இருக்கு, கிளவுஸ் போடும்போது பாப்பேன்.

பழைய பேர திரும்ப வெச்சிட்டோம். கலரும் பழைய கலர்தான், மஞ்சளும் கறுப்பும். பச்ச தங்க துண்டு கதைய படிச்சப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு.

ஒரு நோட்டு போட்டு வரவு செலவு எழுதுறேன், சுண்ணாம்புப் பொடி, ரெஃப்ரி காசு, பால் வாங்குனது வரைக்கும். ஆனா எனக்கு கணக்கு சரியா வராது, போன மாசம் 640 ரூபா இடிக்கிது எங்க போச்சுன்னே தெரியல, யாரும் எடுக்கல அது தெரியும். ஆடிட் அக்கா, உங்களுக்கு டைம் இருந்தா ஒரு நாள் வந்து பாத்து சொல்லிக்குடுப்பீங்களா? இந்த வருஷம் ஜெர்சி காச நோட்டுல போட்டுட்டேன், ஜூனியர் பசங்களுக்கு ரெண்டு பால் வாங்கியாச்சு.


ஆடிட்_அக்கா

கண்டிப்பா வரேன் தம்பி. ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு முல்லை நகர் கிரவுண்டுக்கே வந்துடுறேன், பசங்க எல்லாரும் இருக்குற மாதிரி பாத்துக்க, நீ மட்டும் தெரிஞ்சிக்கிட்டா பத்தாது. பில்லு, ரசீது, துண்டு சீட்டு எது இருந்தாலும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வா. அந்தக் கடைக்கும் வேனுக்கும் பணம் கட்டி முடிச்சதுக்கு கையெழுத்து வாங்குனீங்களா? வாங்கலன்னா சனிக்கெழமையே போய் வாங்கிடு.


பெரம்பூர்_பட்டறை

நானும் வரேன்யா. எங்கிட்ட பழைய நெட்டு ஒரு செட்டு கெடக்கு, கோல் போஸ்டுக்கு கட்டலாம், ரெண்டு எடத்துல கிழிஞ்சிருக்கு. காசிமேடு தம்பி, வல தைக்கிற ஊசி நூலு உங்கிட்ட இருக்கும்ல, எடுத்துட்டு வா.